ஸ்கேன்பிஎஸ்டி ஓட்டியபின் பாதி மெயில்களைக் காணவில்லை: அவை எங்கே இருக்கக்கூடும்?

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. 18 ஜிபி அளவுள்ள ஓர் அவுட்லுக் பிஎஸ்டி கோப்பு. பல வருட அலுவலக மெயில்கள் அத்தனையும் அதில்தான். அவுட்லுக் திறந்திருந்தபோதே மின்சாரம் போய்விட்டது. மறுபடி திறந்தால் கோப்பில் பிழை என்று செய்தி வந்தது. யாரோ சொன்னபடி, அவுட்லுக்கோடு வரும் ரிப்பேர் டூலான ஸ்கேன்பிஎஸ்டியை ஓட்டினீர்கள். ரிப்பேர் முடிந்தது என்று அது சொன்னது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இன்பாக்ஸில் பாதியைக் காணோம். ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்று கேள்விப்பட்டிராத ஒரு ஃபோல்டர் வந்து நிற்கிறது. இன்னொரு முறை ஓட்டலாமா, இல்லை பணம் கொடுத்து மீட்பு மென்பொருள் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் முன்னால் தெரியவேண்டியது ஒன்று உண்டு: காணாமல்போன மெயில்கள் இன்னும் எங்காவது இருக்கின்றனவா, அல்லது ரிப்பேர் செய்த டூலே அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டதா? உங்கள் கவலையும் இதுதான் என்று நினைக்கிறேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும்வரை ஸ்கேன்பிஎஸ்டியை மறுபடி ஓட்டாதீர்கள், அவுட்லுக்கையும் திறக்காதீர்கள். பிஎஸ்டி இருக்கும் அதே ஃபோல்டரில், அதே பெயரில், ஆனால் ‘பிஏகே’ என்று முடியும் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ரிப்பேர் தொடங்கும் முன் ஒரு நகல் எடுத்துவைக்கட்டுமா என்று அந்த டூல் ஒரு பெட்டியில் கேட்கும். அந்தப் பெட்டியில் டிக் முன்பே போட்டிருக்கும். அந்த டிக்கை நீங்களாக நீக்கியிருந்தால் ஒழிய நகல் எடுக்கப்பட்டிருக்கும். அதன் அளவு ஏறக்குறைய 18 ஜிபி இருந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். ரிப்பேருக்கு முந்தைய, கெட்டுப்போன நிலையில் உள்ள, ஆனால் எதுவும் நீக்கப்படாத கோப்பு அதுதான். அதை உடனே வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் ‘ரீட் ஒன்லி’ போட்டுவிடுங்கள். இரண்டாம் முறை ஸ்கேன்பிஎஸ்டி ஓடும்போது அதே பெயரில் இன்னொரு நகல் எடுக்கப் பார்க்கும். மேலெழுதட்டுமா என்ற கேள்விக்கு அவசரத்தில் ‘ஆம்’ சொன்னால், ஏற்கெனவே பாதியை இழந்த கோப்பு உங்கள் நல்ல நகலின்மேல் எழுதப்பட்டுவிடும். அதனால்தான் நிறுத்தச் சொன்னேன்.

அலுவலகங்களின் மெயில் சர்வர்களையும், அவற்றின் ஓரத்தில் கெட்டுப்போகும் இந்த மாதிரிக் கோப்புகளையும் பார்ப்பது பல வருடங்களாக என் வேலை. இதில் நான் ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு: கோப்பை ரிப்பேர் செய்வது வேறு, மெயில்களை மீட்பது வேறு. ஸ்கேன்பிஎஸ்டியின் நோக்கம், அவுட்லுக் தடுமாறாமல் திறக்கக்கூடிய ஒரு கோப்பை உண்டாக்கித் தருவது. அதற்கு இடைஞ்சலாக இருக்கும் எதையும் அது சரிசெய்யப் பார்க்கும்; முடியாவிட்டால் நீக்கிவிடும். ஒரு மெயிலின் ஒரு துண்டு கெட்டிருந்தால், மீதி துண்டுகளில் உங்களுக்கு வேண்டிய ஒப்பந்தம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. உங்களுக்கு வேண்டியது அந்த மெயில். அதற்கு வேண்டியது ஒழுங்கான கோப்பு. பெரும்பாலான நேரம் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நேரத்தில்தான் உங்களுக்கு நேர்ந்தது நேர்கிறது.

ஏன் இப்படி என்பதற்குக் கோப்பின் உள்ளமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பிஎஸ்டி என்பது மெயில்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய கோப்பு அல்ல. உள்ளே ஒரு சிறிய தரவுத்தளமே இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு தலைப்பகுதி. அது இரண்டு மர வடிவ அட்டவணைகளைச் சுட்டும். ஒன்று, எந்தெந்த ஃபோல்டர், எந்தெந்த மெயில் இருக்கிறது, ஒவ்வொன்றின் தாய் ஃபோல்டர் எது என்று சொல்லும். மற்றொன்று, அவற்றின் தரவு கோப்பின் எந்த இடத்தில் கிடக்கிறது என்று சொல்லும். தரவு அதிகபட்சம் 8 கேபி அளவுள்ள துண்டுகளாகத்தான் எழுதப்படும். 5 எம்பி இணைப்பு ஒன்று அறுநூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரிந்து, பக்கத்துப் பக்கத்தில் இல்லாமலும் கிடக்கலாம். ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் அதன் அடையாள எண்ணும், உள்ளடக்கம் மாறாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். இதெல்லாம் யாரோ ஊகித்தது அல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2010-இல் இந்த வடிவத்தின் முழு விவரத்தையும் பொதுவில் வெளியிட்டது.

இதிலிருந்து உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் வருகிறது. அட்டவணைகள் கெட்டுப்போனாலும் துண்டுகள் அப்படியே இருக்கலாம். துண்டுகள் எல்லாம் 64 பைட் எல்லைகளில்தான் தொடங்கும். எனவே கோப்பு முழுவதையும் அந்த இடைவெளியில் தேடிக்கொண்டே போய், கடைசியில் உள்ள அடையாள எண்ணை வைத்து எது எதற்குச் சொந்தம் என்று மறுபடி கோர்க்க முடியும். நல்ல மீட்புக் கருவிகள் செய்வது இதைத்தான். உங்கள் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ ஃபோல்டருக்கும் இதுவே விளக்கம். மெயில் இருக்கிறது, அது எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்ற தொடர்பு அறுந்துபோயிருக்கிறது. அப்படி அநாதையான மெயில்களை ஸ்கேன்பிஎஸ்டி அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது. எனவே அந்த ஃபோல்டரைக் கண்டு பயப்பட வேண்டாம். காணாமல்போனவற்றில் ஒரு பகுதி அங்கேயே இருக்கும். அங்கேயும் இல்லாதவைதான் கவலைக்குரியவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘காணோம்’ என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்? தேடிப் பார்த்து வரவில்லை என்றால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவுட்லுக்கின் தேடல் விண்டோஸின் தேடல் அட்டவணையை நம்பியிருக்கிறது. கோப்பு மாறியபின் அந்த அட்டவணை புதிதாகக் கட்டப்பட வேண்டும். 18 ஜிபிக்கு அது நேரம் பிடிக்கும். அதுபோல, ஃபோல்டரின் காட்சி அமைப்பில் ஏதாவது வடிகட்டி ஒட்டிக்கொண்டிருந்தாலும் மெயில்கள் இருந்தும் தெரியாது. ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் மொத்த உருப்படிகளின் எண்ணிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். பட்டியலில் தெரிவதைவிட அந்த எண் பெரிதாக இருந்தால் பிரச்சினை காட்சியில்தான். ‘வியூ’ மெனுவில் காட்சியை ரீசெட் செய்தால் போதும். இந்தச் சோதனையை நகல்களைப் பத்திரப்படுத்திய பிறகு செய்யுங்கள்.

நகல் எடுக்கும் வேலையே ஒரு பரிசோதனை என்பதையும் சொல்ல வேண்டும். 18 ஜிபி கோப்பு ஒரே சீராக நகலாகி முடிந்தால் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. பாதியில் வேகம் விழுந்து, நிமிடக்கணக்கில் நின்று, கடைசியில் ‘சைக்ளிக் ரிடண்டன்சி செக்’ என்று பிழை வந்தால் கதையே வேறு. அப்போது கெட்டிருப்பது பிஎஸ்டி அல்ல, டிஸ்க். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பிரிவில் ‘டிஸ்க்’ என்ற மூலத்திலிருந்து 7 அல்லது 153 என்ற எண்ணுடன் பதிவுகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். 7 என்றால் கெட்ட செக்டர், அதாவது டிஸ்க்கில் கெட்டுப்போன ஓர் இடம். 153 என்றால் டிஸ்க் பதில் சொல்லத் தாமதித்து, விண்டோஸ் அதே வேலையைத் திரும்ப முயன்றிருக்கிறது. இந்த நிலையில் ஸ்கேன்பிஎஸ்டியும் வேண்டாம், டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க்கும் வேண்டாம். சாகப்போகும் டிஸ்க்கில் செக்டிஸ்க்கை ஓட்டினால் அது டிஸ்க்கை மேலும் உழைக்கவைக்கும்; கோப்பு முறைமையைச் சரிசெய்கிறேன் என்று உங்கள் கோப்பையே துண்டித்துவிடவும் கூடும். முதலில் டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் டிஸ்க் முழுவதையும் இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க வேண்டும். அது படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்ப வரும். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் அதையும் செய்யாமல் அணைத்துவிட்டு, தரவு மீட்பு ஆய்வகம் ஒன்றிடம் கொடுப்பதுதான் வழி. அங்கே வீட்டில் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, பிஏகே நகலை ஏதாவது ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் நிரல்) திறந்து வெறுமனே பாருங்கள். எதையும் மாற்ற வேண்டாம். நல்ல பிஎஸ்டி கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் ஓர் ஆச்சரியக்குறியும், அதைத் தொடர்ந்து பி, டி, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும். இவை இருந்தால் தலைப்பகுதி உயிரோடு இருக்கிறது. அதற்குக் கீழே உங்கள் மெயில்களின் வாசகம் தெரியவில்லையே என்று கலங்காதீர்கள். அவுட்லுக் தரவை வழக்கமாக ஒரு எளிய எழுத்து மாற்று முறையில் உருமாற்றித்தான் எழுதும். எல்லாம் குப்பையாகத்தான் தெரியும். அந்தக் குப்பைதான் நல்ல அறிகுறி. கெட்ட அறிகுறி, பக்கம் பக்கமாகச் சுழியங்கள் வருவது. மின்சாரம் திடீரென்று போகும்போது இது நடக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை, கோப்பின் பெயர், அளவு, இடம் ஆகிய விவரங்களைத்தான் தன் பதிவேட்டில் எழுதிப் பாதுகாக்கிறது. உள்ளே இருக்கும் தரவை அல்ல. எனவே அளவு சரியாகக் காட்டும், உள்ளே ஒரு பகுதி வெறும் சுழியமாக இருக்கும். கோப்பின் நடுநடுவே ஓடிப் பாருங்கள். அங்கங்கே சின்னச் சின்னச் சுழியப் பகுதிகள் இருந்தால் அது வெறும் காலியிடமாகவும் இருக்கலாம், கவலை இல்லை. கணிசமான நீளத்துக்கு, பல நூறு எம்பி கணக்கில் சுழியமாகவே இருந்தால், அந்தப் பகுதியில் இருந்ததை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. எவ்வளவு விலை கொடுத்தாலும் முடியாது. இது உறுதி.

இனி செய்யவேண்டியது. பிஏகே நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்து, அதன் பெயரைப் பிஎஸ்டி என்று முடியும்படி மாற்றுங்கள். அதை அவுட்லுக்கில் கூடுதல் தரவுக் கோப்பாகத் திறக்க முயலுங்கள். சில சமயம் திறந்துவிடும். பிழை வந்தது ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரில் மட்டும் என்று அப்போதுதான் தெரியும். திறந்தால், புதிதாக ஒரு காலி பிஎஸ்டி உருவாக்கி, ஃபோல்டர் ஃபோல்டராக அதற்குள் நகலெடுங்கள். ஒரு ஃபோல்டரில் நின்றுபோனால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பிறகு அந்த ஃபோல்டருக்குத் திரும்பி, தேதிவாரியாகச் சிறு சிறு கொத்தாக எடுங்கள். எந்த மெயிலில் சிக்குகிறதோ அதை மட்டும் விட்டுவிட்டு இரண்டு பக்கத்திலும் உள்ளதை எடுத்துவிடலாம். பொறுமை வேண்டிய வேலை. ஆனால் ஸ்கேன்பிஎஸ்டி மொத்தமாக வெட்டி எறிந்ததைவிட அதிகம் இப்படிக் கிடைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

திறக்கவே இல்லை என்றால் அந்த நகலின் மேல் ஸ்கேன்பிஎஸ்டியை மறுபடி ஓட்டலாம். இப்போது தைரியமாக ஓட்டலாம், ஏனென்றால் மூலம் பத்திரமாக இருக்கிறது. அவுட்லுக் நிறுவப்பட்ட ஃபோல்டரில் இருக்கும் டூலையே பயன்படுத்துங்கள். ஏதோ தளத்திலிருந்து தனியாக இறக்கியதை வேண்டாம். டிஸ்க்கில் கோப்பின் அளவைப்போல் இரண்டு மடங்காவது காலியிடம் இருக்கட்டும். எட்டு கட்டங்களாக ஓடும். 18 ஜிபிக்கு மணிக்கணக்கில் ஆகலாம். நடுவில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று காட்டினாலும் கொல்லாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் அதன் டிஸ்க் பயன்பாடு ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். ஒருமுறை ஓடியதும் பெரும்பாலும் எல்லாப் பிழையும் தீராது. ஒன்றைச் சரிசெய்ததும் அதுவரை மறைந்திருந்த இன்னொன்று தெரியும். பிழை இல்லை என்று சொல்லும்வரை, அல்லது அதே சில்லறைப் பிழைகளையே திரும்பத் திரும்பச் சொல்லும்வரை ஓட்டலாம். நீங்கள் ஒருமுறை மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். இரண்டாம் மூன்றாம் சுற்றில் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’டுக்கு மேலும் மெயில்கள் வர வாய்ப்பு இருக்கிறது. வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். கோப்பைப் பொறுத்தது.

உங்கள் அவுட்லுக் எந்தப் பதிப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. அது முக்கியம். 2003-க்கு முந்தைய பதிப்புகள் உருவாக்கிய பழைய வடிவப் பிஎஸ்டிக்கு 2 ஜிபி என்பது தாண்டவே முடியாத எல்லை. உங்களுடையது 18 ஜிபி என்பதால் அது புதிய வடிவம்தான். ஆனால் 2003, 2007 பதிப்புகளில் புதிய வடிவத்துக்கும் இயல்பாக 20 ஜிபிதான் எல்லை. 2010-இலிருந்து அது 50 ஜிபி. நீங்கள் 2007 பதிப்பில் இருந்தால் எல்லைக்கு மிக அருகில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அப்போது மின்சாரத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. அப்படியானால் மீட்பு வேலையைப் புதிய பதிப்பு உள்ள கணினியில் செய்யுங்கள். புதிய பதிப்பின் ஸ்கேன்பிஎஸ்டி பழைய பதிப்பு உருவாக்கிய கோப்பையும் கையாளும்.

பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள் பற்றி. அவற்றை மொத்தமாக ஏமாற்று என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தலைப்பகுதியே அழிந்து ஸ்கேன்பிஎஸ்டி கோப்பை அடையாளம் காணவே மறுக்கும்போதும், அட்டவணைகள் மோசமாகச் சிதைந்திருக்கும்போதும், துண்டுகளிலிருந்து மறுபடி கோர்க்கும் நல்ல கருவி உண்மையாகவே உதவும். ஆனால் வாங்கும் முன் அதன் இலவச மாதிரியை உங்கள் பிஏகே நகலின் மேல் ஓட்டுங்கள். ரிப்பேர் செய்த கோப்பின் மேல் ஓட்டுவதில் பயனில்லை. அதிலிருந்து நீக்கப்பட்டவை அங்கே இல்லாமலே போயிருக்கலாம். மாதிரி எத்தனை ஆயிரம் மெயில் கிடைத்தது என்று பெரிய எண் ஒன்றைக் காட்டும். அந்த எண்ணை நம்பாதீர்கள். அதில் நீங்கள் எப்போதோ அழித்தவையும், ஒரே மெயிலின் பல பிரதிகளும் சேர்ந்திருக்கும். பிஎஸ்டியில் நீங்கள் அழித்த மெயிலின் துண்டுகள் அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும். காணாமல்போனதில் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் சில மெயில்களைத் தேர்ந்தெடுத்து முன்னோட்டத்தில் திறந்து பாருங்கள். தலைப்பு வரி தெரிந்தால் மட்டும் போதாது. வாசகம் முழுதாக வருகிறதா, பெரிய இணைப்பு ஒன்றாவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தலைப்பு, அனுப்புநர், தேதி மூன்றும் ஃபோல்டரின் பட்டியலிலேயே இருப்பவை. மெயிலின் உடல் அழிந்திருந்தாலும் அவை தெரியும். வாசகமும் வந்தால் பணம் கொடுப்பதில் தவறில்லை. முன்னோட்டமே தராத மென்பொருளையும், கோப்பை எங்கள் தளத்தில் ஏற்றுங்கள் என்று கேட்கும் சேவையையும் தவிர்த்துவிடுங்கள். பல வருட அலுவலக மெயில் என்றால் அதில் மற்றவர்களின் கடவுச்சொல், வங்கி விவரம் எல்லாம் இருக்கும். உடைத்த திருட்டுப் பதிப்பு மென்பொருளும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

கட்டளை வரியில் வேலை செய்யத் தயங்காதவர் என்றால், லிப்பிஎஃப்எஃப் என்ற திறமூலத் தொகுப்பில் பிஎஃப்எஃப்எக்ஸ்போர்ட் என்ற கருவி இருக்கிறது. எல்லாவற்றையும் எடு என்று சொன்னால் அது முறையாக இருக்கும் மெயில்களை ஒரு ஃபோல்டரிலும், தாய் ஃபோல்டரை இழந்தவற்றை இன்னொன்றிலும், அழிந்த பகுதிகளிலிருந்து மீட்டவற்றை வேறொன்றிலும் தனித்தனியாகப் பிரித்துத் தரும். ஒவ்வொரு மெயிலும் உரைக் கோப்பும் இணைப்புகளுமாக வரும். அவற்றை அப்படியே அவுட்லுக்குக்குள் திரும்பப் போட முடியாது. ஆனால் படிக்க, அச்சிட, சான்றாகக் காட்ட அது போதும். மூலக் கோப்பில் எதையும் எழுதாது என்பதால் இதை நான் ஆரம்பத்திலேயே ஓட்டிப் பார்ப்பேன். என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒரு படம் கிடைத்துவிடும்.

இத்தனைக்கும் இடையில், மெயில்கள் வேறு எங்காவது இருக்கின்றனவா என்று பார்க்க மறந்துவிடாதீர்கள். மெயில் பிஎஸ்டிக்கு வந்திருக்கிறது என்றால் உங்கள் கணக்கு பெரும்பாலும், மெயிலைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் வகையாக இருக்கும். சர்வரில் நகலை விட்டுவைக்கும் வசதி இயங்கியிருந்தால் குறைந்தது சமீபத்து மெயில்கள் சர்வரில் இருக்கும். பிரவுசர் வழியாக உள்நுழைந்து பாருங்கள். விண்டோஸில் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து பழைய பதிப்புகள் ஏதாவது தங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்டிரைவ் உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைச் சேமித்துவந்தால் அங்கேயும் பழைய நகல் இருக்கக்கூடும். 2010 பதிப்பிலிருந்து அவுட்லுக் புதிய பிஎஸ்டியை இயல்பாக டாக்குமென்ட்ஸுக்குள்தான் வைக்கிறது. பலருக்கு இது தெரியாமலே ஒன்டிரைவுக்குள் போய்விடுகிறது. இப்போது அது நகலாக உதவலாம். ஆனால் இடைவிடாமல் எழுதப்படும் கோப்பை ஒரு ஒத்திசைவு நிரல் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருப்பது கோப்பு கெடுவதற்கும் காரணமாகிறது. நெட்வொர்க் டிரைவில் பிஎஸ்டியை வைத்துப் பயன்படுத்துவதும் அப்படித்தான். மீட்டபின் கோப்பை அங்கிருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.

இதே கேள்வியோடு இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு விஷயங்கள். உங்களிடம் இருப்பது பிஎஸ்டி அல்ல, ஓஎஸ்டி என்றால் மேலே சொன்ன பாடு பெரும்பாலும் தேவையில்லை. ஓஎஸ்டி சர்வரில் உள்ள அஞ்சல்பெட்டியின் உள்ளூர் நகல்தான். அதன் பெயரை மாற்றிவைத்துவிட்டு அவுட்லுக்கைத் திறந்தால் சர்வரிலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளும். அழிக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அனுப்பப்படாமல் அவுட்பாக்ஸில் கிடப்பவை சர்வருக்குப் போயிருக்காது. மெயில்களைச் சர்வரிலேயே வைத்து ஒத்திசைக்கும் ஐமேப் கணக்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும்: அவுட்லுக் 2013-இலிருந்து ஐமேப்புக்கும் ஓஎஸ்டிதான். அந்தக் கணக்கில் ‘திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி’ என்ற குறிப்போடு இருக்கும் காலண்டரும் தொடர்புப் பட்டியலும் சர்வரில் கிடையாது. கோப்பை அழித்தால் அவையும் போய்விடும். சர்வரில் மெயில்கள் அழிந்து உள்ளூர் நகல் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்றால், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் அவுட்லுக்கைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் ஒத்திசைவு அந்த அழிவையும் கீழே கொண்டுவந்துவிடும்.

தண்டர்பேர்ட் பயன்படுத்துபவர்களின் நிலைமை இதைவிட எளிது. அதில் ஒவ்வொரு ஃபோல்டரும் இயல்பாக எம்பாக்ஸ் என்ற வெறும் உரைக் கோப்பு. பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடியும் ஓர் அட்டவணைக் கோப்பு. ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால் முதலில் அந்த உரைக் கோப்பின் அளவைப் பாருங்கள். அளவு பெரிதாக இருந்தால் மெயில்கள் அங்கேயே இருக்கின்றன, கெட்டது அட்டவணைதான். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ‘ரிப்பேர் ஃபோல்டர்’ அழுத்தினால் அட்டவணை புதிதாகக் கட்டப்படும். தெரியாமல் அழித்த மெயிலைக்கூட, அழித்தவற்றை நிஜமாகவே நீக்கிக் கோப்பைச் சுருக்கும் ‘காம்பாக்ட்’ ஓடாதவரை மீட்கலாம். உரைக் கோப்பின் நகலைத் திறந்து அந்த மெயிலைத் தேடினால், அதன் மேல்பகுதியில் ‘எக்ஸ்-மொஸில்லா-ஸ்டேட்டஸ்’ என்று ஒரு வரியும் நான்கு இலக்க எண்ணும் இருக்கும். 0009 என்று இருந்தால் படித்து, பின் அழித்த மெயில். அதை 0001 என்று மாற்றி, அட்டவணைக் கோப்பை அப்புறப்படுத்திவிட்டுத் தண்டர்பேர்டைத் திறந்தால் அது பட்டியலில் வந்து நிற்கும். முழு இன்பாக்ஸும் திடீரென்று மறைந்தால் ஆன்டிவைரஸின் குவாரன்டீனைப் பாருங்கள். ஒரே ஒரு கெட்ட இணைப்புக்காக மொத்த இன்பாக்ஸ் கோப்பையும் அது தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்.

உங்களிடம் திரும்புகிறேன். பிஏகே கோப்பு இருந்து, அதில் பெரிய சுழியப் பகுதிகளும் இல்லையென்றால், காணாமல்போனவற்றில் பெரும்பகுதி கிடைக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். மின்சாரம் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கடைசி மெயில்கள், பெரிய இணைப்புகள் சில, சந்தேகம்தான். பெரிய இணைப்புகள் பல துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதால் ஒரு துண்டு போனாலும் திறக்காமல் போகும். அவற்றை அனுப்பியவரிடமே திரும்பக் கேட்டுவிடுவது வேகமான வழி. பிஏகே இல்லை, அந்தப் பெட்டியில் டிக்கை எடுத்துவிட்டுத்தான் ஓட்டினீர்கள் என்றால் வாய்ப்பு குறைவு, ஆனால் பூஜ்ஜியம் அல்ல. ரிப்பேர் செய்த கோப்பின் அளவு இன்னும் 18 ஜிபிக்கு அருகில் இருந்தால், நீக்கப்பட்ட மெயில்களின் துண்டுகள் காலியிடம் என்று குறிக்கப்பட்டு உள்ளேயே கிடக்கலாம். அப்போது அவுட்லுக்கில் அந்தக் கோப்பைத் திறந்து புது மெயில் இறக்காதீர்கள், தரவுக் கோப்பின் அமைப்புகளில் ‘காம்பாக்ட்’டை எக்காரணம் கொண்டும் அழுத்தாதீர்கள். புது மெயிலுக்கு வேறொரு பிஎஸ்டியை உருவாக்கி அதை இயல்புக் கோப்பாக வைத்துவிட்டு, பழையதன் நகலில் மீட்புக் கருவியை ஓட்டுங்கள்.

மீட்டு முடித்தபின் ரிப்பேர் செய்த கோப்பிலேயே தொடர்ந்து வேலை செய்யாதீர்கள். புது பிஎஸ்டிகளை உருவாக்கி, வருடவாரியாகப் பிரித்து அவற்றுக்கு மாற்றிவிடுங்கள். பழைய வருடங்களின் கோப்புகள் பிறகு எழுதப்படவே போவதில்லை என்பதால் அவை கெடுவதும் அபூர்வம். அன்றாடக் கோப்பு சில ஜிபிக்குள் இருந்தால் நகலெடுப்பதும் சுலபம். நகலெடுக்கும்போது அவுட்லுக் மூடியிருக்க வேண்டும். இரண்டு கோப்புகளிலிருந்து ஒன்றாகச் சேர்க்கும்போது, இம்போர்ட் வழியாகச் செய்தால் ஒரேமாதிரி உள்ளவற்றைத் தவிர்க்கும் தேர்வு இருக்கிறது. இழுத்துப் போட்டால் எல்லாம் இரட்டிப்பாகும். கெட்டுப்போன மூல நகலை மட்டும் குறைந்தது ஒரு வருடம் அழிக்காதீர்கள். ஆண்டுக் கணக்கு, புதுப்பித்தல், உத்தரவாதம் மாதிரி வருடத்துக்கு ஒருமுறை மட்டும் தேடும் மெயில்கள் சில இருக்கும். அவை மீட்பில் விடுபட்டிருந்தால் அந்தத் தேதி வரும்போதுதான் தெரியும்.